கணவாய்க்கு எத்தனை வயசு?

போன இதழில் நண்டைப் பற்றி இரண்டு கேள்விக்குப் பதில் எழுதினேன், அதோடு கடற்கரைப் பக்கத்துக் கடிதங்கள் கட்டுக்கட்டாக வரத் தொடங்கிவிட்டன. வந்ததில் கூடுதலானவை கணவாயைப் பற்றியவை. ஆகவே இந்த மாதம் முழுக்கக் கணவாய்தான், சைவச் சாப்பாட்டுக்காரர் பொறுத்தருள வேண்டும்.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நம்முடைய கரையில் மூன்று நான்கு விதமான சீவன்களுக்குக் கணவாய் என்ற ஒரே பெயர்தான். வெட்டினால் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு ஓடு வருகிறதா, அது ஓட்டுக் கணவாய். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய ஈர்க்கு ஒன்று மட்டும் வருகிறதா, ஊசிக் கணவாய். இரண்டும் இல்லை, கை மட்டும் எட்டு என்றால் பேய்க் கணவாய். இன்றைக்குக் கூடுதலாக நாம் கதைக்கப் போவது ஊசிக் கணவாய்க் கூட்டத்தில் ஒன்றைப் பற்றி. ஆனால் அது பார்வைக்கு ஓட்டுக் கணவாய் மாதிரி இருக்கும், ஏனென்றால் மற்ற ஊசிக் கணவாய்களுக்கு வால் பக்கத்தில் மட்டும் இருக்கிற செட்டை இதற்கு உடம்பு நெடுகலும் அகலமாக ஓடுகிறது. விலங்கியலில் செப்பியோத்தூதிஸ் லெசோனியானா என்பார்கள். முதற்பாதி 'ஓட்டுக் கணவாயும் ஊசிக் கணவாயும்' என்று இரண்டையும் ஒட்டவைத்த பெயர், பிற்பாதி 1820களில் கப்பலேறி உலகம் சுற்றிய லெசோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளருடையது. செங்கடலில் தொடங்கி ஜப்பான், ஆஸ்திரேலியா, ஹவாய் வரைக்கும் கரையோரமாக இருக்கிறது. வாய்க்குள் நுழைகிற பெயராக இந்தப் பக்கத்தில் மட்டும் செட்டைக் கணவாய் என்று வைத்துக்கொள்வோம்.

நாச்சிக்குடாவிலிருந்து ஒரு வாசகர்: நண்டு வலைக் கயிற்றில் வெள்ளையாக, விரல் விரலாக, கொத்துக் கொத்தாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பிடித்துப் பார்த்தால் வழுவழுவென்று இருந்தது. சொறியின் (இழுதுமீனின்) முட்டை, தொட்டால் கடிக்கும் என்று பொடியன்கள் சொல்ல நான் பிய்த்துக் கரையில் எறிந்துவிட்டேன். அது என்ன?

எறிந்துவிட்டீர்களா, சரி, இனி எறியாதீர்கள். அது செட்டைக் கணவாயின் முட்டை. கடிக்காது, சொறியாது.

ஒரு விரல் ஒரு முட்டை இல்லை, அது ஒரு பை. பயற்றங்காய்க்குள் பயறு இருக்கிற மாதிரி ஒவ்வொரு பைக்குள்ளும் வரிசையாக முட்டைகள் இருக்கும், இரண்டு முதல் ஒன்பது வரை. தாய்க் கணவாய் கடற்புல்லின் அடித்தண்டு, பவளப் பாறையின் அடிப்பக்கம், தண்ணீருக்குள் கிடக்கிற கொப்பு என்று இடம் பார்த்து ஒவ்வொரு பையாகக் கையால் கொண்டுபோய் ஒட்டும். அவற்றுக்கு உங்கள் நண்டு வலைக் கயிறும் ஒரு கொப்புத்தான். ஒன்று ஒட்டிவிட்டுப் போனால் அடுத்தது வந்து அதன் பக்கத்திலேயே ஒட்டும், அதனால்தான் கொத்தாகத் தெரிகிறது. பூநகரிக் கரையிலிருந்து இந்தப் பக்கம் ஆழம் குறைந்த கடல், அடியில் புல், எனவே நீங்கள் இருக்கிற இடம் அதற்குப் பிள்ளைப்பேற்று விடுதி மாதிரி.

வலைப்பாடு என்ற ஊரில் ஒரு முறை தெரிந்த தொழிலாளி ஒருவர் இப்படி ஒரு கொத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் கடல் தண்ணீரோடு கொண்டுவந்து தந்தார். புதிதாக இட்ட பை பால் வெள்ளையாக இருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. நாள் போகப் போகப் பை ஊதி, தோல் கண்ணாடியாகிவிடும். இது நாள் போனது. வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் முழுக் கணவாய் ஒன்று, இரண்டு கறுத்தக் கண், வாயடியில் தொங்குகிற மஞ்சள் கருப் பொட்டு, உடம்பில் கபிலப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் திறந்து மூடித் திறந்து மூடிக் கொண்டிருந்தன, பிறக்க முதலே நிறம் மாற்றிப் பழகுகிறது! நான் டப்பாவைக் கொஞ்சம் பலமாக ஆட்டிவிட்டேன் போல, ஒரு முட்டை உடைந்து ஒன்று வெளியே பாய்ந்தது, பாய்ந்த கையோடு கடுகளவு மையையும் கக்கியது. பிறந்து அரை நிமிடம்கூட இல்லை. டப்பாவைக் கொண்டுபோய்க் கடலிலேயே ஊற்றிவிட்டோம்.

இட்டதிலிருந்து பொரிக்க ஏறத்தாழ 15 முதல் 22 நாள், தண்ணீர் சூடாக இருந்தால் கெதியாகப் பொரிக்கும். குஞ்சு அரை சென்டிமீட்டர் அளவு. இறாலுக்கும் நண்டுக்கும் இருக்கிற மாதிரிக் குடம்பிப் பருவம், உருமாற்றம் ஒன்றும் கிடையாது, பொரிக்கிறபோதே சின்னக் கணவாய். அடுத்த முறை வந்தால் ஒட்டியிருக்கிற கயிற்றுத் துண்டோடு வெட்டி, ஒரு கல்லைக் கட்டி, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். கயிறு போனது போனதுதான், கொத்து பிழைக்கும்.

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி: பெரிய கணவாய் வாங்காதே, அது நாலைந்து வருடக் கிழடு, இறுகிக் கிடக்கும் என்று மாமி சொல்லுவா. உண்மையா?

மாமியோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் நாலைந்து வருடக் கணவாய் என்று ஒன்று இந்தக் கடலில் இல்லை. உங்கள் சட்டியில் விழுகிற மிகப் பெரிய செட்டைக் கணவாய்கூட ஒரு வருடத்தைக் கண்டிராது. இந்த இனத்தின் முழு ஆயுளே அதற்குள் அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்டனில் இதே இனத்தைத் தொட்டியில் பல தலைமுறைக்கு வளர்த்துப் பார்த்தார்கள். கறிக்காக இல்லை, நரம்பு ஆராய்ச்சிக்காக. கணவாயின் உடம்பில் ஓடுகிற ஒரு நரம்பிழை வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு தடிப்பு. நரம்பில் செய்தி எப்படி மின்சாரமாக ஓடுகிறது என்பதை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு பேர் இங்கிலாந்துக் கரைக் கணவாய் ஒன்றின் நரம்பில்தான் கண்டுபிடித்து 1963இல் நோபல் பரிசு வாங்கினார்கள். சரி, விடயத்துக்கு வருகிறேன். இந்த இனம் நாலே மாதத்தில் 600 கிராமைத் தொடக்கூடியது. அரிசிமணி அளவில் பிறந்து நாலு மாதத்தில் அரைக் கிலோவுக்கு மேல்! இறைச்சிக் கோழிகூட ஊசி மருந்து, தீவனம் என்று ஆயிரம் உபசாரத்தோடு வளர்கிறது, இது தன் பாட்டில் இறாலையும் மீன் குஞ்சையும் பிடித்துத் தின்று வளர்கிறது. சாப்பாடு குறைந்தால் பக்கத்தில் நிற்கிற சின்னத் தம்பியையும் சாப்பிடும், அதில் கூச்சநாச்சம் கிடையாது.

வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். தலைக்குள், சமநிலை பார்க்கிற உறுப்பில், ரவை மணி அளவில் இரண்டு கல் இருக்கும். மரத்தில் வருட வளையம் மாதிரி அந்தக் கல்லில் நாளுக்கு ஒரு வளையம் விழுகிறது. மெல்லியதாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் எண்ணினால் நாள் கணக்காகவே வயசு சொல்லிவிடலாம்.

இறுகுகிறதென்றால் பிழை கணவாயில் இல்லை, அடுப்பில். அதன் சதை குறுக்கும் நெடுக்குமாகப் பின்னின நார். சூடு பட்டதும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் இறக்கினால் மெத்தென்று இருக்கும். தவறவிட்டால் ரப்பர். ரப்பரானதும் பயந்துபோய் இறக்காமல் மூடி போட்டுச் சிறு நெருப்பில் முக்கால் மணித்தியாலம் விட்டால் நார் கரைந்து திரும்பவும் மெத்தென்று வரும். மாமி கணவாய்ப் பிரட்டலைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறக்குகிறாவாக்கும், அதுதான் இரண்டுங்கெட்டான் நேரம். பெரிய கணவாய்க்குச் சதை தடிப்பு, இன்னும் கொஞ்சம் கூட விடவேணும்.

விசுவமடு, உயர்தர மாணவி: ஆண் கணவாயையும் பெண் கணவாயையும் எப்படி வேறுபடுத்துவது? கேட்டதற்கு ஆசிரியர் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

சிரிக்க என்ன இருக்கிறது, விலங்கியல்தானே. சந்தையிலேயே பார்க்கலாம் பிள்ளை. முதுகுப் பக்கத்தை வடிவாகப் பாருங்கள். செட்டைக் கணவாயில் ஆணுக்குக் குறுக்காக வெள்ளைக் கோடு கோடாக, விட்டு விட்டுத் தெரியும். பெண்ணுக்குக் கோடு இல்லை, வட்டப் பொட்டுகள். தோல் உரியாத, புதிய கணவாயில்தான் இது தெரியும். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் கைகளைப் பாருங்கள். எட்டுக் கையும் இரண்டு நீண்ட உணரிகளும் உண்டு, அவற்றில் ஆணுக்கு இடப்பக்கத்து அடிக்கையின் நுனியில் மட்டும் உறிஞ்சிகள் மாறி, சீப்புப் பற்கள் மாதிரி இருக்கும். விந்துப் பொதிகளைப் பெண்ணிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற கை அது.

பெண் அதை வாயடியில் ஒரு சின்னப் பையில் சேமித்து வைத்து முட்டை இடுகிற நேரத்தில் பயன்படுத்தும். பெரிய ஆண் தன் சோடிக்குப் பக்கத்திலேயே காவலாக நீந்தும், வேறு ஆண் கிட்ட வந்தால் நிறத்தைக் கறுப்பாக்கிக் கையை விரித்து வெருட்டும். ஆனால் சின்ன ஆண்கள் சண்டைக்கே வருவதில்லை. அண்ணன் எதிரியோடு மல்லுக்கட்டுகிற நேரம் பார்த்து இடையில் புகுந்து காரியத்தை முடித்துக்கொண்டு ஓடிவிடும்.

முட்டை இட்ட பிறகு? ஒன்றுமில்லை. பேய்க் கணவாய்த் தாய் பட்டினி கிடந்து முட்டையைக் காவல் காத்துச் சாகும். செட்டைக் கணவாய் சில தடவையாக முட்டை இட்டு முடித்து, காவலும் இல்லாமல் விட்டுப் போய், மெலிந்து செத்துவிடும். ஆணும் அதிக நாள் தாக்குப்பிடிக்காது. பிள்ளை பொரிக்கிற நாளில் அதற்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, ஒரு வித்தையும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் மையும் நிறமும் முட்டைக்குள்ளேயே தயாராகி வருகின்றன.

இரணைமாதாநகர்த் தொழிலாளி ஒருவர்: கடலுக்குள் குழை (இலையோடு வெட்டின கொப்பு) கட்டிப் போட்டுக் கணவாய் பிடிப்பது கூடாது என்று சங்கத்தில் சொல்கிறார்கள். வலை கொண்டு துரத்துகிறோமா? அது தானாகத்தானே வருகிறது. அதில் என்ன பிழை, ஐயா?

தொழில் செய்கிற ஆளிடம் கரையில் இருந்துகொண்டு புத்தி சொல்வது சுலபம், அதனால் கொஞ்சம் யோசித்தே எழுதுகிறேன். தானாகத்தான் வருகிறது. ஏன் வருகிறது? தின்ன வரவில்லை, முட்டை ஒட்ட வருகிறது. மேலே எழுதின கணக்கை இப்போது இதோடு சேர்த்துப் பாருங்கள். கலவாய் பல வருடம் உயிரோடு இருக்கும், ஒரு வருடம் முட்டை பிழைத்தாலும் பழைய மீன்கள் அடுத்த வருடமும் முட்டையிடும். கணவாயில் பழையது என்று ஒன்று இல்லை. இந்த வருடத்துக் கணவாய் முழுவதும் செத்துப்போகும், வருகிற வருடத்துக் கணவாய் என்பது இப்போது குழையிலும் புல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற முட்டை மட்டும்தான். சேமிப்புப் புத்தகத்தில் மிச்சம் இல்லாத ஆள் மாதிரி, அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுகிற இனம்.

எனவே குழையில் பிழை இல்லை. முட்டை இட முதலே பிடிப்பதும், முட்டை ஒட்டின குழையைத் தூக்கிக் கரையில் காயப்போடுவதும்தான் பிழை. இன்னொன்று, அந்தக் குழை எங்கே வெட்டினது? கண்டல் காட்டில் வெட்டினதென்றால் இறாலுக்கும் நண்டுக்கும் சேர்த்து வைக்கிற வேட்டு. ஜப்பானில் இதே குழையைத்தான், இதே இனக் கணவாய்க்குத்தான், சுழியோடிகள் கொண்டுபோய்க் கடலடியில் கட்டுகிறார்கள், ஆனால் பிடிக்க இல்லை, முட்டை இட. கடற்புல் அழிந்த இடத்தில் அதற்குப் பதிலாகக் கொப்பை நட்டு, பொரிக்கும் வரைக்கும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சங்கம் குழையே கூடாது என்று சொல்வதை விட, போட்ட குழையைக் கடைசி முட்டைக்குப் பிறகு மூன்று கிழமை தூக்காதே என்று சொன்னால் பொருத்தம் என்பது என் எண்ணம். சங்கக்காரர் கோபிக்கலாம்.

அதற்காக எல்லாப் பழியையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. குழை போடுகிறவர் பத்துக் கொப்பைத் தூக்குகிறார், இழுவைமடி போகிற வழியில் புல்லையே வேரோடு வழித்துக்கொண்டு போகிறது. முட்டையும் போகிறது, முட்டை ஒட்டுகிற இடமும் போகிறது. இலங்கையில் அடிமட்ட இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். இரவில் கடலைப் பார்த்தால் சட்டத்துக்கு நீந்தத் தெரியாது என்று உங்களுக்கே விளங்கும்.

பாக்கு நீரிணைப் பக்கத்துக் கணவாயைப் பற்றி அக்கரையில் 1954இலேயே ஒரு விரிவான ஆய்வு வெளியாகியிருக்கிறது, வேறு பெயரில் எழுதினாலும் இதே இனம்தான். இராமேசுவரம் பக்கத்தில் பனையோலை கட்டின கயிற்றால் வெருட்டி ஓலைவலை என்று ஒன்றில் பிடிக்கிற வழக்கம் இருந்தது. கடல் ஒன்று, கணவாய் ஒன்று, கரைதான் இரண்டு.

அளம்பிலிலிருந்து: வெளிச்சம் பாய்ச்சினால் கணவாய் ஏன் வருகிறது?

வெளிச்சத்துக்குச் சின்ன மீனும் கூனியும் திரளும், கணவாய் சாப்பாட்டுக்கு வரும். ஆனால் வெளிச்சத்துக்குள் நிற்காது. வள்ளத்தின் நிழல் விழுகிற விளிம்பில், இருட்டில் நின்று வெளிச்சத்துக்குள் பாய்ந்து பிடிக்கும். இறால் மாதிரிச் செய்த தூண்டில் போடுகிறவர்கள் அந்த விளிம்பில்தான் போடுவார்கள். வெளிச்சம் பாய்ச்சுவது சரியா பிழையா என்பது முல்லைத்தீவுக் கரையில் எத்தனை சண்டைக்கு வித்து என்று தெரியும், அதற்குள் இன்றைக்கு நான் வரவில்லை.

வட்டுவாகலிலிருந்து ஒரு வாசகர்: நந்திக்கடலில் இறால் இருக்கிறது, நண்டு இருக்கிறது. கணவாய் மட்டும் ஏன் இல்லை?

உப்புக் குறைவு. மாரியில் மழை வெள்ளம் வந்து விழ, முகத்துவாரம் உடைகிற வரைக்கும் நந்திக்கடல் அரைவாசி நன்னீர். இறாலும் நண்டும் அதைச் சமாளிக்கும், கணவாயால் முடியாது. உலகத்தில் எங்கேயும் நன்னீரில் கணவாய் கிடையாது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மட்டும் ஒரு சின்ன இனம் கடல் உப்பில் பாதி அளவைத் தாங்கிக் கழிமுகத்துக்குள் வந்து போகும்.

வவுனியாவிலிருந்து ஒரு இல்லத்தரசி: நாங்கள் கடலில் இருந்து தூரம். சந்தைக்கு வருகிற கணவாய் பழசா புதுசா என்று எப்படிப் பார்ப்பது?

தோலைப் பாருங்கள் அக்கா. கணவாய் நிறம் மாற்றுவது தோலில் இருக்கிற நுண்ணிய மைப்பைகளால். ஒவ்வொரு பையையும் சுற்றித் தசை, தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் ஊசிமுனைப் பொட்டாகச் சுருங்கும். நரம்பு நேரடியாக ஓட்டுகிற வேலை, அதனால் கண் வெட்டுகிற நேரத்தில் மாறும். பிடித்துக் கொஞ்ச நேரம் வரைக்கும், உயிர் போன பிறகும், விரலால் தட்டினால் அந்தப் பொட்டுகள் அலையாக ஓடும். வவுனியாவுக்கு வருகிறபோது அது நின்றிருக்கும், ஆனாலும் பொட்டுகள் தனித்தனியாகக் கூர்மையாகவும் சதை பளிங்கு வெள்ளையாகவும் இருந்தால் நல்லது. நிறம் கலங்கி, சதைக்குள் இளஞ்சிவப்பு இறங்கியிருந்தால் நாள் பட்டது. கண் தெளிவாக இருக்கவேணும். மணம் உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு நிறம் காட்டுகிற இந்தச் சீவனுக்கு நிறமே தெரியாது. கண்ணில் ஒரே வகை நிறமிதான், எங்களுக்கு மூன்று.

வெட்டுகிறபோது இரண்டு விடயம் பாருங்கள். வாய்க்குள் கிளிச் சொண்டு மாதிரி ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் மூளை, உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை, அந்த ஓட்டையால்தான் சாப்பாட்டுக் குழாய் போகிறது. பெரிய துண்டாக விழுங்கினால் மூளைக்கே கேடு, அதனால் சொண்டால் சின்னச் சின்னதாக நறுக்கித்தான் விழுங்கும்.

மாங்குளம்: கணவாய் மீன் வகையா?

இல்லை. நத்தை, மட்டி, சிப்பியின் சொந்தம். நீங்கள் இழுத்து எறிகிற கண்ணாடி ஈர்க்குத்தான் அந்தப் பழைய ஓட்டின் மிச்சம். இதயம் மூன்று, இரண்டு பூவுக்கு (செவுளுக்கு) இரண்டு, உடம்புக்கு ஒன்று. இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, அதனால் நீலம்.

ஒட்டுசுட்டான், ஏழாம் வகுப்பு மாணவன்: கணவாய் ஏன் பின்பக்கமாகப் போகிறது?

தம்பி, ஒரு பலூனை ஊதி முடிச்சுப் போடாமல் விட்டுப் பார். காற்று ஒரு பக்கம் வர, பலூன் மறுபக்கம் பாயும். கணவாயும் உடம்புப் பைக்குள் தண்ணீரை நிரப்பி, கழுத்தடியில் இருக்கிற குழாயால் பீய்ச்சிவிடும். குழாய் தலைப் பக்கம் பார்த்திருப்பதால் வால் முன்னுக்குப் போகிறது. அவசரம் இல்லாத நேரம் அகலச் செட்டையை அலைபோல ஆட்டி, நின்ற இடத்திலேயே மிதக்கும். முன்னுக்குப் போக வேண்டுமென்றால் குழாயை வளைத்துப் பின்பக்கம் திருப்பிவிடும். பலூனுக்கு அந்த வித்தை தெரியாது, அதுதான் அது நேரே போய் அப்பாவின் தேத்தண்ணிக்குள் விழுகிறது.